வேலூர் தண்ணீருக்கு எந்த வைப்பர்? கண்ணாடி துடைக்கும் தொழிலுக்குச் சாமான் வாங்கிய அனுபவம்

ஜன்னல் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்வோம் என்று நானும் என் மச்சினனும் இறங்கியபோது கையில் இருந்தது சீட்டுப் பணத்தில் மீதி, சுமார் 10,000 ரூபாய். அதற்கு முன் நான் ஒரு லாட்ஜில் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவன், வேலை அத்துப்படி. ஆனால் அங்கே சாமான் எல்லாம் ஸ்டோரிலிருந்து வந்துவிடும். எது உழைக்கும், எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்று பார்த்து வாங்கியது இப்போதுதான். எங்களைப் போலச் சின்ன முதலில் ஆரம்பிக்கிறவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆன்லைனில் தேடினால் பத்துப் பன்னிரண்டு சாமானை ஒரே பையில் போட்டு ‘கிட்’ என்று விற்கிறார்கள். மச்சினனுக்கு அது பிடித்துவிட்டது. “எல்லாம் ஒண்ணா வந்துடுது மாமா, அலைய வேணாம்” என்றான். சரி என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதில் இருந்த வைப்பர், அதாவது கண்ணாடியில் தண்ணீரை இழுத்து வழிக்கும் ரப்பர் பட்டை, 18 அங்குலம். கண்ணாடிச் சுவர் வைத்த ஷோரூமுக்கு அது சரி. சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் நமக்குக் கிடைக்கப்போவது கிரில் போட்ட வீட்டு ஜன்னல்கள். கம்பிக்கு இடையில் கையை விட்டுத்தான் பாதி வேலை. பழைய மர ஜன்னலில் ஒரு சட்டத்துக் கண்ணாடி ஒரு சாண் அகலம்கூட இருக்காது. 18 அங்குலத்தை அங்கே நுழைக்கவே முடியாது. அதனால் கிட்டை விட்டுவிட்டு 14 அங்குலம் ஒன்று, 6 அங்குலம் ஒன்று என்று தனித்தனியாக வாங்குவது என்று முடிவானது. இன்று வரைக்கும் அதிகம் உழைப்பது அந்த 6 அங்குலம்தான்.

பணத்தைத் தாராளமாகப் போட்டது ரப்பரில். கண்ணாடியில் கோடு விழுவதும் விழாததும் ரப்பர் விளிம்பைப் பொறுத்தது; கைப்பிடி எந்த உலோகம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். விளிம்பு கத்தரித்த மாதிரி நேராக, மூலை கூர்மையாக இருக்க வேண்டும். தரை துடைக்கிற வைப்பரில் வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் கண்ணாடிக்கு ஆகவே ஆகாது. பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன்: “அண்ணே, உங்க ஷோகேஸ் கண்ணாடில தண்ணி தெளிச்சு இழுத்துப் பார்க்கலாமா?” அவர் சிரித்துக்கொண்டே, “பாரு தம்பி, போகும்போது நல்லா தொடச்சுட்டுப் போ” என்றார். அவரிடம் இருந்தவற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தோம். இரண்டு நடுவில் கோடு விட்டன. ஒன்று ஓரத்தில் மட்டும் தண்ணீர் விட்டது. ரப்பர் இரண்டு முனையிலும் சட்டத்தைத் தாண்டி ஒரு நூல் அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதில் அது இல்லை. நான்காவதை எடுத்துக்கொண்டோம். அதுதான் எங்கள் 6 அங்குலம்.

14 அங்குலத்துக்கு மட்டும் வெளிநாட்டுப் பித்தளை வைப்பர் வரவழைத்தோம். இந்த ஒற்றை ரப்பர் பித்தளை வைப்பருக்கு 1936-ல் காப்புரிமை வாங்கியவர், இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற கண்ணாடி துடைக்கும் தொழிலாளி. அதற்கு முன் இருந்தவற்றில் ரப்பர் மாற்றுவதற்கே ஏகப்பட்ட ஸ்க்ரூ கழற்ற வேண்டும். இந்த வேலை செய்கிற ஒருவர் கண்டுபிடித்த சாமான் என்பது எனக்குப் பெரிய மரியாதை. ரப்பரை ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டு மறு பக்கமும் ஓட்டலாம். ரப்பரில் கடினம், மிருது என்று இரண்டு ரகம் உண்டு. நம்ம ஊர் வெயிலுக்குக் கடினம்தான் நிற்கும். இதோடு உபரி ரப்பரும் வாங்கிவிடுங்கள்.

மற்றதெல்லாம் மலிவாக முடிந்தது. சோப்புத் தண்ணீர் பூசும் மைக்ரோஃபைபர் உறை சாதாரணமானதே போதும். பெயிண்ட் வாளி வட்டமாக இருப்பதால் 14 அங்குல உறை படுக்கையாக முழுகாது; பூச்செடி வைக்கும் நீளத் தொட்டியில் அடியில் ஓட்டை போடாததாக ஒன்று வாங்கி, இரண்டு பக்கமும் கயிறு கட்டிக்கொண்டோம். சோப்புக்கு, பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு. ஓரம் துடைக்கப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. எத்தனை தடவை துவைத்ததோ அவ்வளவு நல்லது, நூல் ஒட்டாது. பனியன் வேஸ்ட் கிரில்லுக்கும் ஸ்லைடிங் தண்டவாளத்துக்கும்.

இனி தண்ணீர். வேலூரில் இந்தத் தொழிலுக்கு வருகிறவர் முதலில் வாங்க வேண்டியது பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர்; தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று காட்டும். சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது. எங்கள் தெரு போர் தண்ணீரில் விட்டபோது ஆயிரத்தைத் தாண்டியது. பாலாற்றுப் படுகை நிலத்தடி நீரின் கதை தெரிந்ததுதான். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் இது. அந்தத் தண்ணீர் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிச்சயம். எவ்வளவு நல்ல வைப்பராக இருந்தாலும் ஓரத்தில் தங்கும் ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நாங்கள் கண்டுபிடித்த வழி, ஏசி வடிகால் தண்ணீர். காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குவது என்பதால் அதில் உப்பு கிடையாது. காந்தி ரோடு பக்கத்து லாட்ஜுகளில் கேட்டால் கேன் வைத்துப் பிடித்துக்கொள்ள விடுவார்கள். முதல் கழுவலுக்கு வீட்டுத் தண்ணீர், கடைசிப் பூச்சுக்கு இந்தத் தண்ணீர். ஏற்கெனவே பதிந்துபோன வெள்ளைக் கறைக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பூசி, கொஞ்சம் ஊறவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். பாத்ரூம் ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும், புகை நெஞ்சுக்கும் ஆகாது. வெயிலையும் கணக்குப் பண்ண வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் சோப்புத் தண்ணீர் இழுப்பதற்குள் காய்ந்துவிடும். மேற்குப் பார்த்த ஜன்னல் காலையில், கிழக்குப் பார்த்தது மாலையில்.

சிமென்ட், பெயிண்ட் சொட்டு எடுக்கும் பிளேடு ஸ்க்ரேப்பரும் வைத்திருக்கிறோம். கண்ணாடி மூலையில் டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) என்ற முத்திரை இருந்தால் ஸ்க்ரேப்பரை எடுப்பதில்லை. அந்தக் கண்ணாடியின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துகள் ஒட்டியிருந்தால் பிளேடு அதை இழுத்துக்கொண்டே போய்க் கீறிவிடும். ஒரு கண்ணாடி மாற்றிக் கொடுக்கிற செலவில் எங்கள் மொத்தச் சாமானும் போய்விடும்.

ஏணி வாங்கவில்லை. சென்ட்ரிங் சாமான் வாடகைக் கடையில் வேலை நாளுக்கு மட்டும் எடுக்கிறோம். நான்கடி உயரத்துக்கு ஓரடி கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், கீழே மச்சினன் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் அலுமினிய ஏணியை அந்தப் பக்கமே கொண்டுபோவதில்லை. இரண்டாவது மாடிக்கு மேல் யார் கேட்டாலும் இப்போதைக்கு ஒத்துக்கொள்வதில்லை.

தரையில் நின்றே மேல்மாடி கழுவுகிற, சுத்த நீர் ஏறும் நீளக் கோல் இருக்கிறது. சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு கடன் 50,000 வரை கிடைக்கும், அதில் வாங்கிவிடலாம் என்று மச்சினன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். அந்தக் கோலுக்குத் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. நம்ம போர் தண்ணீரை நேராக விட்டால் அதோடு சேர்ந்த, உப்பை எடுக்கும் ரெசின் சீக்கிரமே தீர்ந்துபோகும், முன்னால் ஒரு ஆர்ஓ வைத்தே ஆக வேண்டும், அதற்குக் கரண்டும் வண்டியில் இடமும் வேண்டும். மாதம் தவறாமல் கூப்பிடுகிற கடைகளும் ஆபீஸ்களும் ஓரளவு சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.