வண்டி நின்றால் யார் கணக்கு?

அக்கா மகனுக்கு ஹெவி லைசென்ஸ் வந்துவிட்டது. வந்த கையோடு போன் போட்டு, "மாமா, நாமக்கல்ல ஒரு ஓனர் கூப்பிடறாருங்க, பன்னெண்டு வீல் வண்டி, வாடகையில பத்து பர்சன்ட் தர்றாராம், ஏறிக்கட்டுங்களா?" என்கிறான். வேறு என்னடா கேட்டாய் என்றேன். வண்டி என்ன மாடல் என்று கேட்டானாம், கேபினில் ஏசி இருக்கிறதா என்று கேட்டானாம். அவ்வளவுதான்.

ஏசி கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளுக்குக் கேபின் ஏசி கட்டாயம் என்று ஆகியிருக்கிறது, மே மாதம் நாக்பூர் பக்கம் இன்ஜின் சூட்டோடு சேர்ந்து வெந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அவன் கேட்ட எல்லாமே வண்டி ஓடும்போது உள்ள சங்கதி. என் லைன் அனுபவத்தில் காசு போனது, தூக்கம் போனது, ஒருமுறை கிட்டத்தட்ட லைசென்ஸே போகப் பார்த்தது, எல்லாம் வண்டி நின்றபோதுதான். அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

2023-இல் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா போனேன். இங்கிருந்து ஜவ்வரிசி, அங்கிருந்து வெங்காயம், நம் வண்டிகளுக்குப் பழகிய ரூட். நான் லோடு இறக்கிவிட்டு நாசிக் பக்கம் போய் நிற்கவும், மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டுவிட்டது, வியாபாரிகள் ஏலத்தை நிறுத்திவிட்டார்கள். லாசல்காவ் மார்க்கெட் பக்கம் வண்டியும் வெங்காயமும் அப்படியே கிடந்தன. ஏலம் திறந்த பிறகும் எனக்கு முன்னால் எத்தனையோ வண்டிகள். மொத்தம் ஆறு நாள். அந்த ஆறு நாளும் இரண்டு வேளைச் சாப்பாடு, டீ, குளிக்க, கொள்ள எல்லாம் என் கைக்காசு. திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது ஓனர் சாதாரணமாகச் சொன்னார், "வண்டி ஓடலையேப்பா, ஓடினாத்தானே பர்சன்ட்." அவர் பேச்சில் பொய் இல்லை. நான்தான் பேசிக்கொள்ளவில்லை. அப்போதே பன்னிரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு, புதுப்பையன் இல்லை.

ஆகவே முதல் கேள்வி, ஹால்ட் ஆனால், அதாவது வண்டி காத்துக் கிடந்தால், பேட்டா என்கிற தினப்படி உண்டா, எத்தனையாவது நாளிலிருந்து, எவ்வளவு. சிலர் முதல் நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாளிலிருந்து தருவார்கள், அது நியாயம்தான். சிலர் பார்ட்டியிடம், அதாவது சரக்குக்காரரிடம், ஹால்டிங் காசு வாங்கிக்கொண்டு டிரைவருக்குச் சொல்லவே மாட்டார்கள். லோடு ஏற்றவும் இறக்கவும் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்று கேட்டில் சீல் போடுகிற கம்பெனிகள் இருக்கின்றன, அந்தச் சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் அந்தப் பத்து பர்சன்ட். எதில் பத்து? பார்ட்டி கொடுக்கும் முழு வாடகையிலா, புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, மாமூல் எல்லாம் போக மிச்சத்திலா? இதைக் கேட்காமல் ஏறினால் மாதக் கடைசியில் பத்து என்பது ஏழாகத் தேய்ந்திருக்கும். கிளீனர் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது, பல வண்டிகள் ஒற்றை டிரைவரோடுதான் ஓடுகின்றன. கிளீனர் இல்லாவிட்டால் அவன் பங்கு யாருக்கு? தார்ப்பாய் ஏறிக் கட்டுவதும் கயிறு இழுப்பதும் டயர் தட்டிப் பார்ப்பதும் நீதானே? இரண்டு டிரைவர் என்றால் அந்தப் பத்து இரண்டாகப் பிரியுமா, தனித்தனியா? சம்பளம் பிளஸ் பேட்டா என்று பேசும் இடத்தில் இந்தத் தலைவலி குறைவு. புதிதாக வருபவனுக்கு முதல் ஒரு வருஷம் அதுதான் தோது என்பேன், காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. வாடகை நிலவரம் தெரியாதவன் பர்சன்ட்டுக்கு ஏறினால் ஓனர் சொன்னதுதான் வாடகை.

வழிச்செலவு இன்னொரு வில்லங்கம். டோல் பாஸ்டேக்கில் ஓனர் கணக்கில் போய்விடுகிறது, டீசலுக்கு கார்டு வந்துவிட்டது, அது நிம்மதி. பஞ்சர், இறக்குகூலி, பார்க்கிங், ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்து நிறுத்திக் கை நீட்டுபவர்களுக்குக் கொடுப்பது, இதற்கெல்லாம் பில் ஏது? "பில் இல்லாததை எப்படீங்க எழுதறது?" என்று ஏறும் முன்பே கேட்டுவிடு. முகம் சுளிக்கிற ஓனர் அங்கேயே தெரிந்துவிடுவார்.

மைலேஜ் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். லோடு வண்டி லிட்டருக்கு நாலு கொடுத்தே ஆகணும், குறைந்தால் டீசல் காசைப் பிடிப்பேன் என்று சொல்லும் ஓனர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும், டீசலைத் திருடி விற்கிறவனும் நம்மில் இருக்கிறான், மறைப்பானேன். ஆனால் அந்த நாலு, லோடு எவ்வளவு, ரோடு எப்படி என்று பார்க்காத நாலாக இருந்தால், டிரைவர் என்ன செய்வான்? இறக்கம் வந்தால் நியூட்ரல் போடுவான். தர்மபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் கணவாயில் இறங்குகிறோமே, அங்கே நியூட்ரல் போட்டு வந்தால் இன்ஜின் பிடிப்பு கிடையாது, முப்பது டன்னுக்கு மேலான மொத்த எடையையும் பிரேக்கே தாங்க வேண்டும், டிரம் சூடேறி இரட்டைப் பாலம் வருவதற்குள் மிதி மிதியென்று மிதித்தாலும் பிடிக்காது. அங்கே எத்தனை உயிர் போயிருக்கிறது என்று அந்தப் பக்கம் டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். போர்டு வைத்து, மைக்கில் கத்தி, எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். மைலேஜ் குறைந்தால் பிடித்தம் உண்டா என்று கேட்டு, "உண்டு" என்று பதில் வந்தால், லோடுக்கு எவ்வளவு, காலிக்கு எவ்வளவு, மலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் பேசிக்கொள். பேச மாட்டேன் என்றால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது ஓவர்லோடு. 2018-இல் மத்திய அரசே எடை வரம்பைக் கூட்டிவிட்டது, பத்து வீல் வண்டிக்கு மொத்தம் 25 டன் இருந்தது 28.5 ஆனது. ஆனாலும் அதற்கு மேல் ஏற்றுகிறவன் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறான். 2019-இல் திருத்திய சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதிகமாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. அதிகப்படியை அங்கேயே இறக்கவும் வேண்டும். நிறுத்தாமல், எடை போட விடாமல் போனால் 40,000. "ஃபைன் நான் கட்டிக்கறேன், நீ ஏத்திட்டு வா" என்று ஓனர் சொல்வார், பெரும்பாலும் கட்டியும் விடுவார். ஆனால் அவர் கட்ட முடியாத ஒன்று இருக்கிறது, லைசென்ஸ். சரக்கு வண்டியில் ஓவர்லோடு பிடிபட்டால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. வண்டி மறுநாளே வேறு டிரைவரோடு கிளம்பிவிடும். நீ வீட்டில் உட்கார்ந்திருப்பாய். என்னைப் பிடித்த அன்று எழுதிக்கொண்டிருந்தவரிடம் அரை மணி நேரம் கும்பிட்டுக் கெஞ்சித் தப்பினேன். அதனால் எடைச் சீட்டு கையில் தருவார்களா, கூடுதலாக இருந்தால் எடுக்க மாட்டேன் என்று சொல்ல உனக்கு உரிமை உண்டா, இரண்டையும் நேராகக் கேள்.

வண்டிப் பேப்பர் பார்ப்பதற்கு யாரையும் கேட்கவே வேண்டாம். எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் எதுவரை என்று வந்துவிடும். எட்டு வருஷத்துக்கு மேலான வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதற்குள் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இன்சூரன்ஸ் பாலிசியை மட்டும் கையில் வாங்கிப் பார், டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறதா என்று. அதற்குக் கட்டுவது சொற்பக் காசு, அதையும் மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உன் லைசென்ஸ் ஒரிஜினலை "ஆபீஸ்ல இருக்கட்டும்" என்று கேட்டால் கொடுக்காதே, ஜெராக்ஸ் போதும். அட்வான்ஸ் கொடுத்து, லைசென்ஸை வாங்கிப் பீரோவில் வைத்தால், இறங்க நினைக்கிறபோது இறங்க முடியாது. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லும் உண்டு, ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் கணக்கில்தான் அதற்கு ஆயுள், வழியில் பிரேக்டவுன் ஆகி அது காலாவதியானால் ராத்திரியில் போனை எடுத்து நீட்டித்துத் தர ஆள் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியதே.

சரி, யாரும் பேச விரும்பாத கேள்வி. ஆக்சிடென்ட் ஆனால்? 2024 ஜனவரியில் நாடு முழுக்க டிரைவர்கள் ஸ்டிரைக் செய்தது ஞாபகம் இருக்கும். இடித்து ஒரு உயிர் போய், போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்ற பிரிவுக்காக. அந்த ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடிபட்டவரை விட்டுவிட்டு ஓடுவது தப்புதான், கூட்டம் அடிக்கும் என்று பயமாக இருந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய் நிற்கலாம், 112-க்குச் சொல்லலாம். ஓனரிடம் கேட்க வேண்டியது வேறு. மொழி தெரியாத ஊரில் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும்போது யார் வருவார்கள்? ஜாமீனுக்கு வக்கீல் யார் செலவில்? கேஸ் நடக்கும் வருஷங்களில் வாய்தாவுக்குப் போய்வரும் செலவு, அன்றைய கூலி? எனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியை விட்டு இறங்கிய பிறகும் கர்நாடகாவுக்கு வாய்தாவுக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார், சொந்தக் காசில். வண்டியை மட்டும் ஓனர் முதல் வாரத்திலேயே ரிலீஸ் செய்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இதையெல்லாம் வரிசையாக ஓனரிடம் ஒப்பித்தால் "வக்கீலுக்குப் படிச்சியாப்பா?" என்பார். அதனால் பாதியை வெளியே விசாரித்துக்கொள்ள வேண்டும். போன டிரைவர் ஏன் இறங்கினார் என்று அந்த டிரைவரிடமே கேட்பது ஒரு வழி, ஆனால் இறங்கியவர் கோபத்தில் இரண்டு மடங்கு சொல்வார். என்னைக் கேட்டால் அந்த ஓனர் டயர் போடும் கடைதான். எந்த வண்டிக்குப் புது டயர், எதற்கு ரீட்ரெட் (தேய்ந்த டயரில் மேல்ரப்பர் ஒட்டியது), முன் வீலில் எதை மாட்டுகிறார், பாக்கி எவ்வளவு இழுக்கிறார், எல்லாம் அங்கே தெரியும்.

மாப்பிள்ளை நேற்று அந்தக் கடைக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் போன் வந்தது. "மாமா, கடைக்காரர் எதுவுமே சொல்லலீங்க. அந்த வண்டிக்கா போறேன்னு கேட்டுட்டு, ஒரு டீ மட்டும் வாங்கிக் கொடுத்தாருங்க."

திங்கட்கிழமை சங்ககிரியில் வேறு ஒருவரைப் பார்க்கப் போகிறான். பதினாலு வீல், மாதச் சம்பளம், ஏசி இல்லை.