முதல் கோழி செத்த அன்றைக்கு

கொல்லையில் பத்துக் கோழி நிற்கிற வீட்டில் ஒன்று சீக்கில் செத்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: செத்ததை வாய்க்காலில் வீசுவார்கள், சுணங்கி நிற்கும் இரண்டை அறுத்துக் குழம்பு வைப்பார்கள், மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மூன்றுமே சீக்கை ஊருக்குப் பங்கு போடும் வேலை. வாய்க்கால் பாசனமுள்ள டெல்டாவில் மேல்மடையில் போட்டது கீழ்மடைத் தெருவுக்குப் போய்ச் சேரும். அறுத்த கோழியின் இறகும் குடலும் குப்பையில் கிடந்து, காக்கையும் நாயும் அதை நாலு வீட்டுக்கு இழுக்கும். விற்ற கோழி சந்தைக்கே கொண்டுபோகும்.

நாட்டுக்கோழியைக் கூட்டமாக வாரிக்கொண்டு போவது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் என்கிற இராணிக்கெட். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்க் கழியும். கோழி இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி வழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நாலைந்து நாள் தாண்டியதற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், கால் இழுக்கும். கழிச்சலில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சலாக இருக்கலாம், அது வேறு நோய், அதற்கு மருந்து உண்டு. கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து, தலை வீங்கி, ஒரே நாளில் பல கோழி விழுந்தாலோ, கூடவே காக்கை, வாத்து செத்துக் கிடந்தாலோ பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். அப்போது எதையும் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கோ 1962 என்கிற கால்நடை உதவி எண்ணுக்கோ உடனே சொல்லிவிட வேண்டும்.

மற்றபடி இன்ன நோய் என்று உறுதி செய்ய, செத்த சில மணி நேரத்துக்குள் ஒரு கோழியை இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். தஞ்சாவூர் பக்கத்து ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. உறைய வைத்துவிடாதீர்கள், திசு கெட்டுப் பரிசோதனைக்கு உதவாமல் போகும்.

புதைப்பதில்தான் டெல்டாவில் சிக்கல். மூன்றடியாவது ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் அன்று ராத்திரியே நாய் தோண்டிவிடும். ஆனால் சம்பா நடவுக் காலத்தில் இரண்டடி தோண்டினாலே குழியில் தண்ணீர் ஊறும். ஊறுகிற குழியில் போட்டுவிடாதீர்கள், மேட்டுத் திடலாகப் பார்த்து, கிணறு, அடிபம்பு, வாய்க்கால் மூன்றையும் விட்டுத் தள்ளித் தோண்டுங்கள். அடியில் சுண்ணாம்பு, அதன்மேல் கோழி, மறுபடி சுண்ணாம்பு, பிறகு மண், கடைசியாக முள். திடலே இல்லாத வீட்டில் விறகும் மட்டையும் அடுக்கி முழுக்க எரித்துவிடுவது மேல். அந்தக் கோழி கிடந்த இடத்து உமி, வைக்கோல், எச்சம், கொட்டிய இறகு எல்லாம் அதோடு போக வேண்டும்.

மிச்சக் கோழியை மேய விடாதீர்கள். நோய் உள்ளே புகுந்து வெளியே தெரிய பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆகும், இரண்டு நாளிலும் தெரியலாம், பதினைந்து நாளும் போகலாம். இன்றைக்குத் தெம்பாக நிற்பதை நல்ல கோழி என்று நம்பிவிட முடியாது. சுணங்கியதைத் தனியே அடையுங்கள். தீனி, தண்ணீர் வைக்கும்போது முதலில் நல்ல கோழி, கடைசியில் சீக்குக் கோழி. கூட்டுப் பக்கம் போக ஒரு ஜோடிச் செருப்பு ஒதுக்கி, அது கூட்டை விட்டு வெளியே வராமல் பாருங்கள். ஆளின் கண்ணுக்கும் இந்தக் கிருமி வரும். கண் சிவந்து சில நாள் உறுத்தும், பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனாலும் கோழியைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள்.

சுத்தம் செய்வதில் பலரும் செய்கிற தவறு, எச்சத்தின் மேலேயே பிளீச்சிங் தூளைத் தூவுவது. எச்சமும் மண்ணும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. கோழியைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கில் சிம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற முடிச்சுக்குள் எச்சம் காய்ந்து சிமெண்ட்போல் இறுகியிருக்கும். ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, தேங்காய் நாராலும் சோப்புத் தண்ணீராலும் தேய்த்தால்தான் வரும். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பே பாதி வேலையை முடித்துவிடும். ஈரம் வடிந்த பிறகு லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் தூள் கரைத்துத் தெளித்து, அரை மணி விட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் புரட்டிப் புரட்டிக் காய வைக்கவும். தூள் புதிதாக இருக்க வேண்டும். நம்மூர் ஈரக்காற்றில் வாய் திறந்து கிடந்த பொட்டலத்தில் வாசனைகூட மிஞ்சாது. அதோடு ஆசிட் கலந்துவிடாதீர்கள், வரும் புகை ஆளையே சாய்க்கும். மண் தரையானால் மேலே இரண்டு அங்குலம் சீவி எடுத்துப் புதைத்துவிட்டு, சுண்ணாம்பு தூவிப் புது மண் போடுங்கள். பிய்ந்துபோன பழைய பஞ்சாரத்தைக் கழுவிக்கொண்டிருப்பது வீண், எரித்துவிடலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து என்று எதுவும் இல்லை. ஆன்டிபயாடிக் கூடவே தொற்றுகிற பாக்டீரியாவுக்குத்தான் கேட்கும், வைரஸுக்குக் கேட்காது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டால் அடுத்த வருஷமும் குழி தோண்ட வேண்டியதுதான். பிழைத்தது கழுத்து முறுக்கித் திரிந்தால் பாவம் பார்த்து வைத்திருப்பார்கள். அது இன்னும் கிருமியைக் கழிந்துகொண்டிருக்கலாம், புதுக்குஞ்சோடு விடுவது ஆபத்து. சீக்கு நடந்த நாட்களில் இட்ட முட்டையை அடை வைக்கவும் கூடாது.

தடுப்பூசி போட இதுவா நேரம் என்றால், அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே கிருமி புகுந்த கோழி ஊசிக்குப் பிறகும் சாகும், பழி ஊசிமேல் விழும். ஒரே ஊசி முனையை எல்லாக் கோழிக்கும் குத்தினால் நோயை நாமே ஏற்றுகிறோம். புதிதாக வளர்ப்பதற்கு முறை இது: 7ஆம் நாளில் எஃப்1 என்கிற தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் ஆர்2பி, இறக்கைக்கு அடியில் அரை மில்லி. ஆர்2பி வீரியமானது, சின்னக் குஞ்சுக்குப் போடக் கூடாது. குப்பி நூறு கோழிக்கானது, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், ஐஸில் வைத்தே எடுத்துவர வேண்டும். அதனால் தெருவோடு சேர்ந்து ஒரு நாள் வைத்துக்கொள்வதுதான் கட்டுப்படியாகும். குடிதண்ணீரில் கொடுப்பதென்றால் குழாய்த் தண்ணீர் ஆகாது, குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கால்நடைத் துறையின் இருவார முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், தவறவிடாதீர்கள்.

கடைசிக் கோழி செத்த நாளிலிருந்து குறைந்தது 21 நாள் கூடு காலியாகக் கிடக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையானால் இரட்டிப்பாக விடுங்கள், ஈரத்திலும் குளிர்ச்சியிலும் கிருமி நீண்ட நாள் தாங்கும். புதிதாக வாங்குவதை மூன்று வாரம் தனியே வைத்துப் பார்க்கவும்.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் சிந்திய நெல்லுக்கு வாத்து மந்தை அறுத்த தாளில் இறங்கும். வாத்துக்கு இந்தச் சீக்கு பெரும்பாலும் வெளியே தெரியாது, ஆனால் சுமந்து வரும். மந்தை உங்கள் பக்கத்து வயலில் கிடக்கிற நாட்களில் கோழியை அடைத்து வைத்து, கருக்காயும் தவிடும் கூட்டுக்கே கொண்டுபோய்ப் போடுங்கள்.