பழைய மொறிஸ் மைனருக்குப் பெல்ற்றும் பிள்ளைச் சீற்றும் பூட்டுவது

யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் கார்களில் பலவற்றுக்குச் சீற் பெல்ற் இல்லை. யாரும் கழற்றி எறிந்ததால் அல்ல. தொழிற்சாலையை விட்டு வரும்போதே இல்லை. இன்றைக்கு எல்லாக் கார்களிலும் இருக்கிற, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனைப் பெல்ற்றை வொல்வோவின் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல்தான் கொண்டுவந்தார். மொறிஸ் மைனரில் பெல்ற் பூட்டுவதற்கான இடங்கள் 1961 கடைசிக்குப் பிறகே வந்தன. இலங்கையில் முன் சீற்றுக்குப் பெல்ற் கட்டாயமானது 2011 ஒக்ரோபர் 1இல்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு வருபவர்கள் அப்பப்பாவின் காரைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி, பிள்ளையை இதில் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான். எங்கள் பதில்: பூட்டலாம், பூட்டத்தான் வேண்டும். ஆனால் பெல்ற் பிடிக்கிற தகரம் நல்லதாக இருக்கவேண்டும். அது இல்லாத காரில் பிள்ளையை ஏற்றக்கூடாது. இங்கே எழுதுவது 1958ஆம் ஆண்டு நான்கு கதவு மைனர் ஒன்றுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு பெல்ற் பூட்டிப் பிள்ளைச் சீற்றும் வைத்த வேலையைப் பற்றி. மற்றக் கார்களுக்கு எது மாறும் என்பதையும் இடையில் சொல்கிறோம்.

"கோயிலடிக்கு மட்டும்தானே, முப்பதுக்கு மேலே ஓடமாட்டோம்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகிற கார் மோதி, உள்ளே இருப்பவர் 60 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நின்றால், உடம்பில் விழுகிற விசை அவருடைய எடையைப்போல் ஏறக்குறைய 16 மடங்கு. 10 கிலோக் குழந்தை மடியில் இருந்தால் 160 கிலோவைக் கையால் இழுத்துப் பிடிக்கவேண்டும். 30இல் போனாலும் 60 கிலோவுக்குக் கிட்ட வரும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. நாங்கள் மெதுவாகப் போவோம். ஏ9இல் எதிரே வருகிற பஸ் மெதுவாக வராது. பழைய கார்களின் ஸ்ரியரிங் தண்டு மடிந்து கொடுக்காத ஒற்றை இரும்பு, நேரே ஓட்டுநரின் நெஞ்சைப் பார்த்தபடி நிற்கிறது. அதனால் ஓட்டுநரின் பெல்ற்றும் பிள்ளையினது அளவுக்கு அவசரமானது.

வேலையின் பெரும்பங்கு பெல்ற்றில் இல்லை, தளத்தில் இருக்கிறது. மைனரில் தனிச் சேசிஸ் கிடையாது. உடம்பும் தளமும் ஒன்று. கம்பளம், சீற், தார்ப்பாய் எல்லாவற்றையும் கழற்றி, காரைத் தூக்கி, கீழே கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுக் கூரான திருப்புளியால் குத்திப் பார்க்கவேண்டும். குத்தவேண்டிய இடங்கள்: கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி, ஜக் வைக்கிற இடம், முன் சீற்றுக்கு அடியில் குறுக்கே போகிற குறுக்குச் சட்டத்தின் இரண்டு நுனி, பின் வில்லுத் தகடு தொங்குகிற இடம். இந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் முன் சக்கரங்களின் முறுக்குக் கம்பி வந்து முடிகிறது. அதன் நுனியில் கறள் தின்றிருந்தால் பெல்ற் கதையை விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யவேண்டும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய்வருகிற கார்களிலும் வடமராட்சிக் கரையோரக் கார்களிலும் கறள் வெளியே தெரியாது. பெட்டிக்குள் இருந்துதான் தின்னும்.

இன்னொன்று, எங்கள் ஊர்க் கார்களுக்கே உரியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய இந்தக் கார்களின் தளங்கள் அகப்பட்ட தகரத்தால் ஒட்டப்பட்டவை. மேலே பட்டி பூசிப் பெயின்ற் அடித்திருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு காந்தத் துண்டை எடுத்து அங்குலம் அங்குலமாக ஊர்ந்து பாருங்கள். காந்தம் விடுகிற இடத்தில் பட்டியோ பைபரோ அலுமினியமோ இருக்கிறது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, 1.2 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டால் விளிம்போடு விளிம்பாக ஒட்டிய பிறகே துளை போடலாம். பித்தளை ஒட்டுப் போட்ட இடத்தின்மேல் வெல்டிங் பிடிக்காது. அதையும் வெட்டத்தான் வேண்டும்.

பெல்ற் வாங்கும்போது, கொழும்பில் பழைய கார்ப் பாகங்கள் விற்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து வருகிற கழற்றின பெல்ற்றை வாங்கவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மோதிய காரின் பெல்ற் ஒருமுறை இழுபட்டு நீண்டுவிடும், பார்த்தால் தெரியாது. தவிர, பெல்ற்றைச் சுற்றி வைத்திருக்கிற சுருள் அந்தக் காரின் தூணுக்கு அளவான கோணத்தில் செய்யப்பட்டது. புதிதாகப் பழைய கார்களுக்கென்றே விற்கிற பெல்ற்றை எடுங்கள். லேபிளில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ (E) எழுத்தும் நாட்டின் எண்ணும் இருக்கவேண்டும். அதோடு வருகிற குறியீடு ஏ என்று தொடங்கினால் மூன்று முனைப் பெல்ற், பி என்றால் இடுப்புப் பெல்ற். முன்னால் சுருள் வைத்த பெல்ற் போட்டோம். பின்னால், பிள்ளைச் சீற் வைக்கிற இடத்துக்கு, சுருள் இல்லாமல் கையால் இறுக்குகிற பெல்ற்றையே போட்டோம். ஒருமுறை இறுக்கினால் தளராது. சுருளின் கோணத்தைப் பற்றிய தலைவலியும் இல்லை.

போல்ற்றில்தான் கடையில் பிழைக்கும். உலகம் முழுக்கப் பெல்ற்றுக்குரிய போல்ற் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி உள்ள நுண்புரி. "எல்லாம் ஒன்றுதான்" என்று 14 புரி போல்ற்றையோ 12 மில்லிமீற்றர் போல்ற்றையோ தந்தால் வாங்கவேண்டாம். முதலாவது நட்டின் புரியைத் தின்றுவிடும், இரண்டாவது பெல்ற் நுனியின் துளைக்குள் போகாது. பெல்ற்றோடு வருகிற போல்ற்றின் கழுத்தில் புரி இல்லாத ஒரு பகுதி இருக்கும். அது இருப்பதன் காரணம், போல்ற் முழுதாக இறுகிய பிறகும் பெல்ற்றின் நுனித் தகடு சுழலவேண்டும் என்பதே. அலை வாசர் நுனித் தகட்டின் பக்கம், தட்டை வாசர் தகரத்தின் பக்கம். இறுக்கியதும் நுனித் தகட்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். அசையாவிட்டால் வாசர் இடம் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் பெல்ற் கோணலாக இழுபட்டு விளிம்பில் கிழியும்.

ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு பலத் தகடு: 3 மில்லிமீற்றர் தடிப்பு, 75க்கு 50 மில்லிமீற்றர், மூலைகள் உருட்டியது, நடுவில் நட் ஒட்டியது. பெரிய வாசர் ஒன்றை மட்டும் வைத்துப் பூட்டுகிற பழக்கம் கராஜ்களில் உண்டு. மெல்லிய தகரத்தில் அந்த வாசர் கோப்பையாக வளைந்து தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். ஐரோப்பிய விதிப்படி ஒரு மூன்று முனைப் பெல்ற்றின் தோள் பாகமும் இடுப்புப் பாகமும் ஒவ்வொன்றும் 1,350 கிலோ அளவு இழுவையில் சோதிக்கப்படுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தகடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதும் முக்கியம். பெல்ற் மேலே இழுக்கும், ஆகவே தகடு தளத்துக்குக் கீழே. அப்போது இழுவை தகட்டைத் தகரத்தோடு சேர்த்து அழுத்தும். மேலே வைத்து ஒட்டினால் முழுப் பாரமும் வெல்டிங்கில் தொங்கும்.

துளை போட முதல் சீற்றைத் திரும்ப வைத்து, ஓட்டுகிறவரை இருத்தி, நூல் பிடித்துப் பாருங்கள். இடுப்பிலிருந்து தளத்துத் துளைக்குப் போகிற நூல் படுக்கையோடு 45 முதல் 70 பாகைக்குள் நிற்கவேண்டும். அதைவிடச் சரிந்திருந்தால், மோதும்போது உடம்பு கீழால் வழுக்கிப் பெல்ற் வயிற்றில் ஏறும், குடலைத்தான் அறுக்கும். இரண்டு கீழ்த் துளைகளுக்கும் இடையே குறைந்தது 35 சென்ரிமீற்றர் வேண்டும். தோள் முனை தோளுக்கு மேலே இருக்கவேண்டும். கீழே இருந்தால் பெல்ற் முதுகெலும்பை மேலிருந்து அழுத்தும்.

மைனரில் வெளிப்பக்கக் கீழ் முனை முன் கதவுக்கும் பின் கதவுக்கும் இடையே நிற்கிற நடுத்தூணின் அடியிலும், உள்பக்கம் பின் சக்கரங்களைச் சுழற்றுகிற தண்டு ஓடும் நடுச் சுரங்கத்தின் பக்கச் சுவரிலும் வரும். சுரங்கத்துக்குள் நட்டும் போல்ற் நுனியும் நீட்டிக்கொண்டு நின்றால் உள்ளே சுற்றுகிற தண்டில் உரசும். பின் சீற்றில் நாலு பேரை இருத்தி, கார் பதிந்த நிலையில் கீழே படுத்துப் பாருங்கள். 20 மில்லிமீற்றராவது இடைவெளி வேண்டும். துரப்பணம் பிடிக்கும் முன் ஓட்டுநர் பக்கத் தளத்தின் அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்கத் தவறவேண்டாம். மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரே அங்கேதான் இருக்கிறது. பிரேக் குழாயும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. வெல்டிங்குக்கு முதல் பற்றரியைக் கழற்றவேண்டும். மைனரில் உடம்போடு பிணைந்திருப்பது நேர்முனை என்பதைப் புதுப் பெடியளுக்குச் சொல்லிவையுங்கள். பின் பக்கம் வெல்டிங் என்றால் பெற்றோல் தாங்கியை இறக்கி வெளியே கொண்டுபோய் வைக்காமல் தொடவே கூடாது.

நடுத்தூண் உள்ளே பொள்ளல். இரண்டு சுவரையும் ஊடுருவிப் போல்ற் போட்டு இறுக்கினால் தூண் நசுங்கும், பின் கதவு பிறகு சரியாக மூடாது. தூணின் உள் தகட்டில் சின்னச் சன்னல் ஒன்று வெட்டி, நட் ஒட்டிய தகட்டை உள்ளே விட்டு, நான்கு மூலையிலும் ஒட்டி, சன்னலைத் திரும்ப மூடினோம். சுருளைத் தூணடியில் நிமிர்ந்தபடி வைக்கவேண்டும். அதற்குள் ஒரு குண்டு கார் சாய்வதையும் பிரேக் பிடிப்பதையும் உணர்கிறது. சுருள் சரிந்திருந்தால் பெல்ற் ஓயாமல் பூட்டிக்கொள்ளும், அல்லது வேண்டிய நேரத்தில் பூட்டாது.

இரண்டு கதவு மைனரில் ஒன்று கூடுதல்: முன் சீற் முழுதாக முன்னால் கவிழும், அதைப் பிடிக்கக் கொளுக்கி இல்லை. பின்னால் இருக்கிறவரின் பாரமும் சேர்ந்து பெல்ற் போட்டவரின் முதுகில் விழும். சீற்றின் பின் காலைத் தளத்தோடு பிடிக்கிற கொளுக்கி ஒன்று அவசியம். ஏ40 சோமசெட், டெவன் போன்ற தனிச் சேசிஸ் கார்களில் மூன்று முனையையும் உடம்பிலேயே, உடம்பைச் சேசிஸோடு பிடிக்கிற போல்ற்றுகளுக்குக் கிட்டப் பூட்டுங்கள். அந்தப் போல்ற்றுகளையும் றப்பரையும் புதிதாக்குங்கள். ஒரு முனை சேசிஸிலும் மற்றவை உடம்பிலும் இருந்தால், மோதும்போது உடம்பு நகர, பெல்ற்றே ஆளை நெரிக்கும்.

பின் சீற்றுக்குக் கீழ் முனைகள் சீற் மெத்தைக்கு அடியில். மேல் முனை பின் தூணின் உள் சட்டத்தில், 100க்கு 60 தகட்டோடு. பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தட்டு வெறும் தகரம். அதில் எதையும் பூட்டவேண்டாம். சில கார்களில் பின் சாய்மானத்துக்குப் பின்னால் இருப்பது அட்டைப் பலகைதான். டிக்கியில் கிடக்கிற ஜக், கருவிப் பெட்டி எல்லாம் அதை உடைத்துக்கொண்டு பிள்ளையின் முதுகுக்கு வரும், கட்டி வையுங்கள்.

இனிப் பிள்ளைச் சீற். ஐசோபிக்ஸ், அதாவது பெல்ற் இல்லாமல் பிள்ளைச் சீற்றை நேரே காரில் மாட்டுகிற கொளுக்கியைப் பழைய காரில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நாங்கள் செய்வதில்லை. அந்த 6 மில்லிமீற்றர் கம்பி நிற்கவேண்டிய சட்டம் இந்தக் கார்களில் இல்லை. பெல்ற்றால் பூட்டுகிற சீற்றை எடுங்கள். 13 கிலோ வரை பின்னோக்கிய சீற். 15 மாதத்துக்கு முதல் முன்னோக்கித் திருப்பவே வேண்டாம், அதற்கு மேலும் சீற் இடம் தருமட்டும் பின்னோக்கியே வைப்பது நல்லது. பின்னோக்கிய சீற்றைச் சுற்றிவரப் பெல்ற் நீளம் நிறைய வேண்டும், ஆகவே பெல்ற் வாங்க முதல் சீற்றை வைத்து அளந்து பாருங்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்குரிய முதுகு வைத்த உயர்த்திச் சீற் மூன்று முனைப் பெல்ற்றோடு மட்டும்தான். வெறும் இடுப்புப் பெல்ற்றோடு அதை வைத்தால் பிள்ளை இடுப்பில் மடிந்து தலை முன் சீற்றில் அடிக்கும். இடுப்புப் பெல்ற்றோடு பூட்டக்கூடிய சீற்றுகள் சில உண்டு; சீற்றின் பக்கத்தில் அப்படிப் படம் போட்டிருந்தால் மட்டுமே நம்பலாம்.

வெளிநாட்டுப் பெட்டியில் வருகிற சீற்றுகளைக் கவனமாகப் பாருங்கள். பிளாஸ்ரிக்கில் காலாவதி ஆண்டு பொறித்திருக்கும். அண்ணனின் பிள்ளை பாவித்து, அக்காவின் பிள்ளை பாவித்து இங்கே வந்து சேரும்போது அது முடிந்திருக்கலாம். கனடாவிலிருந்து வருகிற முன்னோக்கிய சீற்றுக்கு மேலே ஒரு பிடிபட்டி இருக்கும், அதைக் கட்டாமல் விடக்கூடாது. அதற்குப் பின் சட்டத்தில் 8 மில்லிமீற்றர் போல்ற்றும் 3 மில்லிமீற்றர் தகடும் வைத்துக் கொளுக்கி ஒன்று போட்டோம்.

மைனரின் பின் மெத்தை நடுவில் குழிந்து முன்னால் சரியும். பழைய வில்லுகள் சோர்ந்தும் போயிருக்கும். முதலில் மெத்தையை இறுக்கமான நுரையால் நிரப்பித் தைக்கக் கொடுங்கள். தலையணை, மடித்த சேலை எதையும் பிள்ளைச் சீற்றுக்கு அடியில் திணிக்கவேண்டாம். மோதும்போது அது நசுங்கிப் பெல்ற் தளர்ந்துவிடும். அடுத்து, பூட்டுக் கொளுக்கியின் காம்பு. அது நீளமாக இருந்தால் கொளுக்கி பிள்ளைச் சீற்றின் விளிம்பில் போய்க் குந்தும். அந்த விளிம்பு நெம்புகோலாகி மோதும்போது கொளுக்கியைத் திறந்துவிடும். பின்னால் குட்டைக் காம்பே வேண்டும். சீற்றில் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ற்றை இறுக்குங்கள். பிறகு பெல்ற் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் 25 மில்லிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது.

போல்ற்றுகளை 40 நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கினோம். வெல்டிங் இடத்துக்குத் துத்தநாகப் பூச்சு, அதன்மேல் பெயின்ற், தூணுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் மெழுகு. முன் பெல்ற்றைக் கையால் வெடுக்கென்று இழுத்தும், ஆளில்லாத வீதியில் 15இல் போய்ச் சடுதியாகப் பிரேக் பிடித்தும் பூட்டுகிறதா என்று பார்த்தோம். வெயிலில் நிற்கிற காரில் கொளுக்கி சுடும், பெல்ற் நூலும் நாளடைவில் இற்றுப்போகும். கார் நிற்கும்போது துணியால் மூடுங்கள். மாரி முடிந்ததும் தளத்தின் அடியில் தகடுகளைச் சுற்றிக் கறள் வேர்விட்டிருக்கிறதா என்று ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு, போல்ற்றுகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.