சோலோ யார் வாசிப்பது?

செஷன் கிதாரிஸ்டாக, அதாவது மற்றவர்களின் பாட்டுக்கு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வாசிப்பவராக, வேலை பார்ப்பவர்கள் பாட்டுக் கேட்கும் விதமே வேறு. பாடுகிறவரின் குரலைக் கவனிப்பதற்கு முன்னால், இடப்பக்கம் எத்தனை கிதார், வலப்பக்கம் எத்தனை என்று காது தேட ஆரம்பித்துவிடும். லீட்டா ஃபோர்டின் 'லீட்டா' ஆல்பத்தையும் முதலில் அப்படித்தான் கேட்டேன். ஆர்சிஏ நிறுவனம் 1988-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்ற ஹார்ட் ராக் ஆல்பம். பாடியதும், சோலோக்கள் உட்பட முன்னால் தனித்து ஒலிக்கும் லீட் கிதாரை வாசித்ததும் ஒரே பெண். என் தொழிலில் எனக்கு இதைவிட நெருக்கமான இன்னொரு ஆல்பம் கிடையாது.

லீட்டா லண்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் வளர்ந்தவர். 13 வயதில் பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கச்சேரியைப் பார்த்ததுதான் தன்னை இந்தப் பக்கம் திருப்பியது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1975-இல் லாஸ் ஏஞ்சலஸில் 'த ரன்அவேஸ்' இசைக்குழு உருவானபோது அவருக்கு 16 வயது. குழுவில் எல்லோருமே பதின்வயதுப் பெண்கள். ஜோன் ஜெட் பாட்டைப் பின்னாலிருந்து தாங்கும் ரிதம் கிதார், லீட்டா லீட். 1979-இல் குழு கலைந்தது. ஜோன் ஜெட் 1982-லேயே அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போய்விட்டார். லீட்டாவுக்கோ, குழு கலைந்ததிலிருந்து 'லீட்டா' வரை ஒன்பது வருஷம்.

அந்த ஒன்பது வருஷத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 1983-இல் 'அவுட் ஃபார் பிளட்'. ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ், மிச்சமெல்லாம் லீட்டா. மூன்று பேர் குழுவில் பாடிக்கொண்டே லீட் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சோலோவுக்குள் போகும்போது பின்னால் தாங்கிப் பிடிக்க ரிதம் கிதார் இருக்காது. சின்னத் தடுமாற்றம்கூட அப்படியே வெளியே தெரியும். அடுத்த வருஷம் 'டான்சிங் ஆன் தி எட்ஜ்'. அதற்கும் அடுத்த ஆல்பம் வெளியே வரவே இல்லை. இதற்கு மேல் ஒரு கலைஞரால் எவ்வளவு பொறுத்துக்கொள்ள முடியும்?

அப்புறம்தான் ஷேரன் ஆஸ்போர்ன் மேனேஜராக வந்தார். தயாரிப்பாளராக மைக் சாப்மன் வந்தார். எழுபதுகளில் சூசி குவாட்ரோவின் வெற்றிப் பாடல்களை எழுதியவர்களில் ஒருவர், பிளாண்டி குழுவின் பெரிய ஆல்பங்களைத் தயாரித்தவர். வானொலியில் எது எடுபடும் என்று அவருக்கு அத்துப்படி. 'லீட்டா'வில் கீபோர்டு உண்டு, கோரஸில் அடுக்கடுக்கான குரல்கள் உண்டு, டிரம்ஸில் அந்தக் காலத்துப் பெரிய ரிவெர்ப், அதாவது எதிரொலிப்பு, உண்டு. 'ஃபாலிங் இன் அண்ட் அவுட் ஆஃப் லவ்' எழுதியதில் மாட்லி க்ரூ குழுவின் நிக்கி சிக்ஸுக்குப் பங்கு உண்டு, 'கான்ட் கேட்ச் மீ' எழுதியதில் மோட்டர்ஹெட் குழுவின் லெம்மிக்கு. பட்டியலில் 12-ஆம் இடம் வரை போன 'கிஸ் மீ டெட்லி' முழுக்க மிக் ஸ்மைலி எழுதியது. மெட்டல் ரசிகர்களில் சிலர் இதைச் சமரசம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாட்டை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டார், கிதாரை யாரிடமும் கொடுக்கவில்லை. கீபோர்டும் குரல்களும் ஒதுங்கி வழிவிடும் இடத்தில் சோலோ வருகிறது, அதை வாசிப்பது லீட்டா.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வேலையில் அந்த இடத்தில்தான் கதவு சாத்தப்படும். ஒரு பாட்டுக்கு ஹெவி ரிதம் கேட்டிருந்தார்கள். இந்த வேலையில் ஒரே பாகத்தை இரண்டு தடவை தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒன்று இடப்பக்கம் போகும், இன்னொன்று வலப்பக்கம். முதல் டேக்கை நகலெடுத்து ஒட்டினால் அந்த அகலம் வராது. இரண்டு வாசிப்புக்கும் நடுவே இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் சுவர் மாதிரி ஒலியை எழுப்புகிறது. அந்த வித்தியாசம் கொஞ்சம் கூடினாலும் சேறாகிவிடும். உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜில் (கிதாரின் உடலில் கம்பிகள் வந்து நிற்கும் பகுதி) எந்த இடத்தில் வைத்தோம், கம்பியைத் தட்டும் பிக்கை எவ்வளவு சாய்த்தோம் என்பதுவரை நினைவில் வைத்து வாசிக்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூன் பார்க்க வேண்டும். அன்றைக்கு எல்லாம் சுத்தமாக வந்தது. ஒலிப்பதிவுக் கன்சோல் பக்கமிருந்து, "சூப்பர் மேடம், சோலோவுக்கு ஒரு தம்பி வர்றாரு, நீங்க கிளம்பலாம்" என்றார்கள். அந்தத் தம்பி என்ன வாசிக்கப் போகிறார் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை. நான் முயன்று பார்க்கலாமா என்ற கேள்வியே அந்த அறையில் எழவில்லை. எனக்கு வந்த கோபம் இன்றும் நியாயமாகத்தான் படுகிறது.

'க்ளோஸ் மை ஐஸ் ஃபாரெவர்' பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஷேரனும் அவருடைய கணவரும் பிளாக் சபாத்தின் பாடகராகப் புகழ்பெற்றவருமான ஆஸி ஆஸ்போர்னும் ஸ்டூடியோவுக்கு வந்த ஓர் இரவில், ஷேரன் கிளம்பிய பிறகு, லீட்டாவும் ஆஸியும் விடிய விடிய உட்கார்ந்து முடித்த பாட்டு அது என்று லீட்டாவே சொல்லியிருக்கிறார். 1989-இல் அமெரிக்கப் பட்டியலில் 8-ஆம் இடத்தைப் பிடித்தது. தனிப் பாடகராக ஆஸி அங்கே முதல் பத்துக்குள் நுழைந்ததே இந்தப் பாட்டில்தான். சிறுமியாக எந்தக் குழுவைப் பார்த்துக் கிதார் பிடித்தாரோ, அந்தக் குழுவின் பாடகரே இவருடைய ஆல்பத்தில் வந்து பாடிவிட்டுப் போகிறார். அங்கேயும் கிதார் லீட்டாவுடையது. மெதுவான பாட்டு என்பதால் விரைவைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. ஒவ்வொரு சுரத்தையும் எவ்வளவு நேரம் பிடிக்கிறார், எங்கே வளைக்கிறார், வளைத்த சுரம் சரியான உயரத்தில் போய் நிற்கிறதா என்பதெல்லாம் வெட்டவெளிச்சம். புதிதாக லீட் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

இப்போது செஷனுக்குக் கூப்பிட்டால் சம்பளம் பேசுவதற்கு முன்பே, சோலோ யார் வாசிப்பது என்று கேட்டுவிடுகிறேன். சில அழைப்புகள் அந்தக் கேள்வியோடு நின்றுபோகும். சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன், நீங்களே வாசிங்களேன்" என்பார்கள். அந்த வேலைகளுக்குப் போகிறேன்.