தடித்த எழுத்தில் வராத 36

அந்த அக்காவுக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன். “தம்பி, கெட்டது இருந்தா தடிச்ச எழுத்துல வரும்னு நீங்கதானே சொன்னீங்க? ஈரல் கணக்கு ஒண்ணும் அப்படி வரலையே!”

சொன்னது நான்தான், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவன். வேலை முடிந்து குமுளியில் ஜீப் ஏறும் அவசரத்தில் ரிப்போர்ட் வாங்குகிறவர்களுக்கு வேறு எப்படி விளக்குவது? கம்பத்திலிருந்து ஏலக்காய் எடுக்க வருகிறவர், வயது 46. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பது முன்பு ஏதோ ஆபரேஷனுக்குப் பார்த்தபோதே தெரியும். ஈரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கூடும் இரண்டு என்சைம்களில் எஸ்ஜிபிடி 36, எஸ்ஜிஓடி 38. எங்கள் தாளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மேல் எல்லை 40தான். பிளேட்லெட் 1.32 லட்சம்; எல்லைக்குக் கீழே இருந்ததால் அது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. டெங்குவுக்குப் பார்க்கிற சமாச்சாரம் என்பதால் அதை யாரும் ஈரலோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

நான் சேர்த்துப் பார்த்தேன். எஸ்ஜிஓடியை 40ஆல் வகுத்து, அதை பிளேட்லெட்டால், அதாவது ஆயிரக் கணக்கில் 132ஆல் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது ஏப்ரி, ஈரலில் தழும்பு இருக்குமா என்று ஊகிக்கும் கணக்கு. 0.72 வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு இது 0.5ஐத் தாண்டினாலே ஈரலில் தழும்பு கணிசமாக இருக்கலாம், மருந்து தொடங்கலாம். எஸ்ஜிபிடிக்கு அதில் ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19தான் எல்லை. அப்படிப் பார்த்தால் இந்த 36 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

“தேனி மெடிக்கல் காலேஜ் போங்கக்கா. இந்தத் தாளைக் காட்டி ஈரலுக்கு ஸ்கேன் எடுக்கணுமான்னு கேளுங்க. கவர்மெண்ட்ல இதுக்கு மாத்திரை இலவசம்” என்றேன்.

“கெட்டுப்போச்சா?”

“தெரியல, பாக்கணும்.”

“தெரியலைன்னா ஏன் தம்பி சொல்றீங்க?”

வெளியே ஜீப்காரர் ஹாரன் அடித்தார். தாளை நாலாக மடித்து, தூக்குவாளிக்கு அடியில் பைக்குள் செருகிக்கொண்டு, “எஸ்டேட்ல யாருக்கும் தெரிஞ்சிரக் கூடாது” என்று சொல்லிப் போனார். தெரிந்தால் டீ டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள். டம்ளரில் இந்தக் கிருமி பரவாது என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது!

இன்சார்ஜ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “நம்பரைக் கொடுக்கிறது நம்ம வேலை. அர்த்தம் சொல்ல நீ டாக்டரா?” என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. வயதையும் எஸ்ஜிபிடியையும் சேர்த்துத் தழும்பை ஊகிக்கும் ஃபிப்-4 கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: 2.21. 1.45க்கும் 3.25க்கும் நடுவில், அப்படியும் சொல்லாது, இப்படியும் சொல்லாது. எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது, நாள் முழுக்க மூட்டை தூக்கினால் கூடலாம். அதைக் காட்டி ஒருவரைக் கலங்கடிக்கலாமா?

ஆனாலும் சும்மா இருந்திருக்க முடியுமா என்றால், அதுவும் தெரியவில்லை. எஸ்ஜிபிடி இப்போது சாகிற செல்களைத்தான் காட்டும், பழைய தழும்பைக் காட்டாது. ஈரல் சுருங்கிப்போனவர்களுக்கும் அது எல்லைக்குள் வரும். ஈரல் இறுகி ரத்த ஓட்டம் தடைபட்டால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்லைடு போட்டும் பார்த்துவிட்டேன், மெஷின் குறைத்து எண்ணும்படி பிளேட்லெட் கட்டிகட்டியாகச் சேர்ந்திருக்கவில்லை. அந்த 1.32 நிஜம்தான்.

அவர் தேனி போனாரா, தெரியாது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களின் ரிப்போர்ட்டில் ஏப்ரியையும் அச்சடிக்கலாமே என்று இன்சார்ஜிடம் கேட்டேன். டாக்டர் எழுதிக் கேட்டால் போடலாம் என்றார். இதுவரை யாரும் எழுதவில்லை.

அப்புறம் ஒரு ஜீப் டிரைவருக்கு ஏப்ரி 0.6 வந்தது, அவருக்கும் ஹெபடைட்டிஸ் பி. “டாக்டர்கிட்ட காட்டிருங்கண்ணே” என்றதோடு நிறுத்திக்கொண்டேன். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்ததாம், பிளேட்லெட் அதனால் குறைந்திருக்கலாம். இருக்கலாம்தானே?