அண்ணாச்சி விரித்த மேட்டிங்

அண்ணாச்சி போய் இன்றைக்குப் பதினாறாம் நாள். செங்கோட்டையில் எங்கள் கிரிக்கெட் கிளப்போடு முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர், ஆடியது கொஞ்சம்தான், மீதியெல்லாம் எங்களுக்காகப் பார்த்த வேலை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தூக்கக் கலக்கத்தோடு போய்ச் சேருவதற்குள் கயிறு பிடித்து 22 கஜம் அளந்து, பிட்ச்சுக்கான நார் விரிப்பை, அதாவது மேட்டிங்கை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்து, சுண்ணாம்புக் கோடும் போட்டு முடித்திருப்பார். சீசன் நேரத்தில் ஆரியங்காவுப் பக்கமிருந்து மேகம் இறங்கினாலே "மேட்டிங்கைச் சுருட்டுங்கலே" என்று சத்தம் போடுவார், ஐந்து நிமிஷத்தில் சாரல் வந்துவிடும்.

மீட்டர்கேஜ் ரயில் ஓடிய காலத்தில் புனலூருக்கு மேட்ச் ஆடப் போவோம். பதிமூன்று கண் பாலம் வருவதற்குள் 1983 உலகக் கோப்பை ஃபைனல் கதையை ஆரம்பித்துவிடுவார். நாம் அடித்தது 183தான், அதில் ஸ்ரீகாந்த் 38, அன்றைக்கு இரண்டு டீமிலும் அதற்கு மேல் யாரும் அடிக்கவில்லை என்று சொல்லும்போது தானே அடித்த மாதிரி முகம் மலரும்.

ஷூ இல்லாமல் நின்ற எனக்குத் தன் கேன்வாஸைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். இரண்டு சைஸ் பெரிது, நுனியில் பேப்பர் அடைத்துக்கொண்டு ஆடினேன்.

நேற்று மேட்டிங்கை நாங்களே விரித்தோம். நாலு பேர் பிடித்தும் கோணலாகத்தான் விழுந்தது, அண்ணாச்சி.