110-ம் 110-ம்: கறுப்பு வெள்ளையில் கரைந்துபோகும் சிவப்பு

கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு பட்டன் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு படத்தைத்தான் காட்டுவேன். அடர்ந்த புதர் வேலிக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் குடையோடு நிற்கிறார். கலரில் குடைதான் முதலில் கண்ணில் படும். ஃபோட்டோஷாப்பில் டெசாச்சுரேட் (நிறத்தை நீக்கும் கட்டளை) கொடுத்தால் குடையும் வேலியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பாவம், அந்த மனிதர் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் தெரிவார்.

டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள்; எண் கூடினால் வெளிச்சம் கூடும். குடையில் ஓர் இடத்தில் அவை 190, 30, 40. இலையில் 90, 150, 70. டெசாச்சுரேட் செய்வது இவ்வளவுதான்: மூன்றில் பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் கூட்டி இரண்டால் வகுக்கும். குடைக்கு 110. இலைக்கும் 110. வேறு எப்படி வரும்?

நம் கண் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. பச்சை நமக்கு வெளிச்சமாகவும் நீலம் இருட்டாகவும் படும். டிவிக்காக வகுத்த பழைய சூத்திரம் ஒன்று பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்று பங்கு பிரிக்கிறது. அதன்படி குடை 79, இலை 123. இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன, ஆனால் குடை மந்தமாக, இருண்டு கிடக்கிறது. கண்ணுக்கு நியாயமான கணக்குதான், படத்துக்கு இல்லை. எனக்குக் குடை முன்னால் வர வேண்டும்.

அதற்குத்தான் சேனல்களை, அதாவது அந்த மூன்று நிறங்களின் எண்களைத் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களாகத் திறந்து பார்க்கும் பழக்கம். சிவப்பு சேனலில் குடை பளிச்சென்று இருக்கிறது, வேலி இருட்டு. பச்சை சேனலில் நேர்மாறு: குடை கிட்டத்தட்ட கறுப்பு. ஒரே கோப்புக்குள் இரண்டு வேறு படங்கள்! சேனல்களைக் கலக்கும் சேனல் மிக்சரில் மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) டிக் போட்டுச் சிவப்பை ஏற்றிப் பச்சையை இறக்கினால் வேலை முடிந்தது. மூன்று சேனல்களின் பங்கும் சேர்ந்து 100 சதவீதத்தை ஒட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் வெளிச்சப் பகுதிகள் வெளுத்துவிடும். லைட்ரூமில் எட்டு நிற ஸ்லைடர்கள் இருப்பதால் இன்னும் சுலபம்.

முகங்களுக்கு இதே வித்தை வேறு மாதிரி வேலை செய்யும். சிவப்பு சேனலில் தோல் வழவழப்பாகும், பருவும் தழும்பும் மறையும், கூடவே உதடும் வெளிறிப்போகும். நீலத்தில் ஒவ்வொரு புள்ளியும் சுருக்கமும் எழுந்து நிற்கும். வயதானவர்களை எடுத்தால் நான் பச்சையை நம்பித்தான் தொடங்குவேன். சுருக்கங்கள் இருக்கும், ஆனால் முகம் கடுமையாகிவிடாது.

வானத்தைக் கறுப்பாக்குகிறேன் என்று நீல ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இழுப்பவர்கள் மானிட்டரில் படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். வானம் முழுக்க மணல் தூவியதுபோல் நாய்ஸ் (தேவையில்லாத புள்ளிகள்), மரக்கிளைகளின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. 8 பிட் ஜேபெக் என்றால் வானம் படிப்படியாக உடைவதும் தெரியும். ரா கோப்பிலிருந்து (கேமராவின் பதப்படுத்தாத மூலப் பதிவு), இன்னும் நுண்ணிய படிகள் கொண்ட 16 பிட்டில் வேலை செய்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

சரி, பிரிண்டருக்கு வருவோம். சாதாரண இங்க்ஜெட்டிடம் சாம்பல் கேட்டால் அது சியான், மெஜந்தா, மஞ்சளைக் கலந்துதான் தரும். ஜன்னல் வெளிச்சத்தில் சுத்தமான சாம்பலாக இருப்பது இரவில் பல்புக்குக் கீழே இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரியும். கறுப்பு மையை மட்டும் வைத்து அடித்தால் நிறப் பிரச்சினை தீரும். ஆனால் வெளிச்சமான கன்னத்தில் புள்ளி புள்ளியாக மை தெரியும். இதற்காகவே கறுப்போடு வெவ்வேறு அடர்த்தியில் சாம்பல் மைகளும் வைத்த பிரிண்டர்கள் இருக்கின்றன. எப்சன் 2005-ல் கொண்டுவந்த கே3 மைகளில் மூன்று அடர்த்திகள் உண்டு. அந்த வகைப் பிரிண்டர்களின் டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கறுப்பு வெள்ளைக்கென்றே ஒரு முறை இருக்கும். அது கலர் மைகளை மிகக் கொஞ்சமாகத்தான் தொடும். அதைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்துங்கள்.

காகிதம் தன் பங்குக்கு ஒன்று செய்யும். மேட் (பளபளப்பில்லாத) காகிதத்தின் கறுப்பு பளபளப்புக் காகிதத்தின் கறுப்பு அளவுக்கு ஆழம் போகாது. மானிட்டரில் நிழலுக்குள் தெரிந்த சட்டை மடிப்பெல்லாம் மேட்டில் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். அதனால் புதுக் காகிதம் எது வாங்கினாலும், கறுப்பிலிருந்து வெள்ளை வரை 21 படிகள் கொண்ட சாம்பல் பட்டையைத்தான் முதலில் அடிப்பேன். கறுப்புப் பக்கம் எத்தனை படிகள் ஒட்டிக்கொள்கின்றன என்று பார்த்து, அந்த அளவுக்குக் கர்வில் (வெளிச்ச அளவை மாற்றும் வளைகோடு) நிழலை மட்டும் தூக்கிவிடுவேன். சூட்டோடு சூடாக முடிவு எடுக்க வேண்டாம், மை காயக் காய அடர்த்தி கொஞ்சம் மாறும். ஒரு ராத்திரி காயட்டும். மேட்டுக்கு மேட் கறுப்பு மைதான் என்பதையும் டிரைவரில் காகித வகையைச் சரியாகத் தேர்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், மாற்றங்களை எல்லாம் மூலப் படத்தைத் தொடாத தனி லேயரில் (அடுக்கில்) வையுங்கள். மேட்டுக்காக வைத்த கலவை பளபளப்புக்குச் சரிப்படாது, திரும்ப வந்து ஸ்லைடரைத் தொட வேண்டியிருக்கும். கேமராவிலேயே மோனோக்ரோம் வைத்து எடுப்பவர்கள் ராவையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்தால் கலர் போனது போனதுதான், குடையா வேலியா என்று தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது.